குடைக்காரர்களின் மூன்றாவது ஆல்பம்

என் அக்கா ரயில் கம்பெனி ஒன்றில் நேர அட்டவணை போடுகிறவள். எந்த வண்டி எந்த நிமிடம் எந்த நடைமேடையில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது அவள் வேலை. அப்படிப்பட்டவள் வந்த விமானம் அரை நாள் தாமதம். வாசலில் பெட்டியை இறக்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "சாரி தம்பி, உனக்கு ரொம்ப சிரமம் குடுத்துட்டேன்."

என் அக்கா என்னிடம் சாரி சொல்கிறாளாம். சின்ன வயதில் கதவைச் சாத்தி என் விரலை நசுக்கிவிட்டு, "அங்க ஏன்டா விரலை வெச்சே, முட்டைக்கண்ணா?" என்று என் தலையிலேயே குட்டியவள் இவள். இப்போது நான் அவளுக்குத் தம்பி. முட்டைக்கண்ணன் எங்கே போனான் என்று தெரியவில்லை.

நாங்கள் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. சண்டை போட்டிருந்தால் என்றைக்காவது சமாதானம் ஆகியிருக்கலாம். நாங்கள் ஒருவருக்கொருவர் மரியாதையானவர்கள் ஆகிவிட்டோம், அதுதான் கோளாறு. அவள் படிக்க வெளிநாடு போனாள், அங்கேயே வேலை, அங்கேயே வீடு. அவ்வப்போது தொலைபேசி. சாப்பிட்டாயா, அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது, அங்கே மழையா. ஒரு தடவை பேச்சுவாக்கில் அவளை "நீங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் திருத்தவில்லை. போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மனைவி பார்த்தால் சிரிப்பாள் என்று அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்கினேன்.

இந்தத் தடவை அவள் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய கம்பெனி எங்கள் ஊரில் அலுவலகம் திறக்கிறது. அதை நடத்த அவளைக் கேட்டிருக்கிறார்கள். திரும்பிப் போனதும் வருகிறேன், வரவில்லை என்று ஒரு பதில் சொல்ல வேண்டும். இதை அவள் அம்மாவிடம் சொன்னாள், அம்மா என்னிடம் சொன்னாள், நான் என் மனைவியிடம் சொன்னேன். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை.

"இங்கயே வந்துடு அக்கான்னு நேரா கேட்க வேண்டியதுதானே?" என்றாள் என் மனைவி.

கேட்கலாம். கேட்டால் அவள், "யோசிக்கிறேன் தம்பி, தேங்க்ஸ்" என்பாள். அந்தத் தேங்க்ஸைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் குடைக்காரர்களைத் துணைக்கு அழைத்தேன்.

குடைக்காரர்கள் என்பது நாங்கள் வைத்த பெயர். அந்த பேண்டின் உண்மையான பெயர் ரொம்ப நீளம். ரேடியோ அறிவிப்பாளர் சொல்லும் வேகத்தில் பாதிதான் காதில் விழும். ஒரு பத்திரிகையில் அவர்கள் படம் வந்தது. முகத்தில் பவுடரை அப்பிக்கொண்ட நாலு பேர், வீட்டுக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு, யாரோ செத்துப்போன மாதிரி நின்றார்கள். அக்கா அதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டினாள். இந்த மாதிரி இசைக்கு நியூ வேவ் என்று பெயர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கிதாரோடு மின்சாரப் பெட்டிகளும் சேர்ந்து பாடும். பாடகன் சளி பிடித்தவன் மாதிரி, ஆனால் அழகாக, பாடுவான். அம்மா அவனை மூக்கடைச்சவன் என்பாள். "உங்க மூக்கடைச்சவன் வந்துட்டானா? ஆவி பிடிக்கச் சொல்லுங்க அவனை."

இசைத்தட்டு வாங்க எங்களுக்கு வழி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு வானொலி நிலையம் முழு ஆல்பத்தையும் ஒலிபரப்பும். அதை நாங்கள் பதிவு செய்த முறையை இப்போது நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது. அப்பாவின் ரேடியோவுக்கு எதிரே ஒரு ஸ்டூலில் டேப் ரெக்கார்டரை வைப்போம். ஜன்னலைச் சாத்துவோம். கடிகாரத்தைக் கொண்டுபோய் வேறு அறையில் வைப்போம். எங்கள் மூச்சுச் சத்தம்கூட நாடாவில் ஏறிவிடும் என்பது அக்காவின் கட்சி. எனவே பட்டனை அழுத்தியதும் இரண்டு பேரும் பூனை மாதிரி வெளியே வந்து, கதவைச் சாத்தி, மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வோம். கேசட்டின் ஒரு பக்கம் முடியும் நேரத்தைக் கணக்குப் பண்ணி அக்கா உள்ளே ஓடிப்போய்த் திருப்பிப் போட்டுவிட்டு வருவாள். நேர அட்டவணைக்காரி அன்றைக்கே தயாராகிவிட்டாள். ஆக, எங்களுக்குப் பிடித்த பாட்டு எதையும் நாங்கள் முதல் தடவை ரேடியோவில் கேட்டதே இல்லை. கேட்டதெல்லாம் கேசட்டில்தான்.

அவர்களுடைய நாலு ஆல்பத்தையும் இப்படிப் பிடித்தோம். அவற்றில் மூன்றாவதுதான் எங்களுக்கு உயிர். அதிலும் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. மழை பெய்கிற மாதிரி தொடங்கும் என்பதால் அது மழைக்கோட்டுப் பாட்டு. அதற்கென்று ஒரு நடனம் வைத்திருந்தோம். கட்டிலின் மேல் ஏறி, விறைப்பாக நின்று, தோளை மட்டும் ஆட்ட வேண்டும். முகத்தில் ஒரு உணர்ச்சியும் தெரியக் கூடாது, சிரித்தால் அவுட். பாடகன் முதல் நாலு வரியைப் பாடி மூச்சு வாங்கும்போது டிரம் நுழையும். குட்டியாக ஒன்று, ஒரு நிறுத்தம், நீளமாக ஒன்று, ஒரு நிறுத்தம், மறுபடி குட்டியாக ஒன்று. முதல் குட்டிக்கு இருவரும் சடாரென்று வலது பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். அந்த இடத்துக்காகவேதான் அந்தப் பாட்டு.

கேசட்டுகள் நாடா சிக்கி, பூஞ்சை பிடித்து, வீடு மாறியதில் காணாமல் போய்விட்டன. அதன் பிறகு நான் குடைக்காரர்களைக் கேட்கவே இல்லை. தனியாகக் கேட்டால் தலையைத் திருப்பும்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்களே. இப்போது அக்கா வருகிறாள் என்றதும், கடைத்தெருவில் பழைய இசைத்தட்டு விற்கும் தாடியிடம் சொல்லி வைத்து நாலையும் வாங்கினேன். தாடி இப்போது மழுங்கச் சிரைத்திருக்கிறார், ஆனாலும் கடைத்தெருவுக்கு அவர் தாடிதான். ஒரு பிளேயரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கி முன்னறையில் வைத்தேன். அதற்கு இடம் பண்ண, என் கடையின் மூக்குக்கண்ணாடி ஃப்ரேம் பெட்டிகளையெல்லாம் தூக்கி அம்மாவின் தையல் மெஷின் மேல் அடுக்கினேன். அம்மா காலமெல்லாம் பள்ளிக்கூடச் சீருடை தைத்தவள். முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு பெடலை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அந்த மெஷின் எங்கள் வீட்டு மேஜையாகிவிட்டது.

அக்கா வந்த மறுநாள் காலை, கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஊசியை வைத்தேன்.

"அட!" என்றாள் அக்கா. "குடைக்காரங்க!" கண்ணெல்லாம் விரிந்தது. என் மனசு துள்ளியது. அவ்வளவுதான், பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன்.

முதல் ஆல்பம் முடிந்தது. "நல்லா இருக்கு" என்றாள் அக்கா. "ஆமா, நல்லா இருக்கு" என்றேன் நான். இரண்டாவது ஆல்பம் முடிந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை, பல் டாக்டரிடம் வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நான் கண்ணாடிக்கடைக்காரன். நாள் முழுக்க ஒரு வில்லையை மாற்றி இன்னொன்றைப் போட்டு, "முதலாவது தெளிவா, ரெண்டாவது தெளிவா?" என்று கேட்கிறவன். தெளிவில்லாமலே தெளிவு என்று தலையாட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அக்கா அப்படித்தான் தலையாட்டினாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் தெளிவாக இல்லை. பாட்டு அதேதான், குரல் அதேதான். ஆனால் எல்லாம் கழுவித் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது, உள்ளே சாப்பாடு இல்லை. எனக்கு வயதாகிவிட்டது, அதுதான் விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள், பிறகு சொன்னாள்.

மூன்றாவது ஆல்பத்தை எடுத்தேன். இதுவும் போனால் எல்லாம் போச்சு. நேரே இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். மழை தொடங்கியது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கைப்பை தரைக்குப் போனது. பாடகன் முதல் வரியைப் பாடினான், இரண்டாவது, மூன்றாவது. அக்காவின் தோள் ஆடத் தொடங்கியது. என் தோளும் ஆடியது. நாலாவது வரி முடிந்தது. அவன் மூச்சு வாங்கினான்.

இரண்டு பேரும் சடாரென்று வலது பக்கம் தலையைத் திருப்பினோம்.

டிரம் வரவில்லை.

அரை வழுக்கைத் தலையும் பாதி நரைத்த தலையும், முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லாமல், சுவரில் மாட்டியிருந்த மின்சார மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தன. பாடகன் பாட்டுக்கு ஐந்தாவது வரிக்குப் போய்விட்டான்.

"எங்கடா டிரம்?" என்றாள் அக்கா.

எழுந்து போய் மறுபடி போட்டேன். வரவில்லை. ஒரு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லையோ என்று ஒயரைப் பிடுங்கி மாற்றினேன். வரவில்லை. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பிளேயரின் முன்னால் நின்றாள். ஏதோ ஒரு வண்டி சொல்லாமல் கொள்ளாமல் ரத்தாகிவிட்ட மாதிரி அவள் முகம் சிவந்துவிட்டது.

"ஏமாத்திட்டான்! உனக்குக் கோளாறான தட்டைத் தள்ளிவிட்டிருக்கான். எந்தக் கடை? கிளம்பு. டேய் முட்டைக்கண்ணா, என்ன பாத்துட்டு நிக்கிறே, செருப்பைப் போடு!"

ஓடிப்போய்ச் செருப்பை மாட்டினேன். டிரம் வராமல் போனதற்காக அந்த நிமிடம் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது.

தாடியின் கடை ஒரு சைக்கிள் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவே ஒடுக்கமாக இருக்கும். அக்கா உள்ளே போன வேகத்தில் வாசலில் தொங்கிய மணி கழன்று விழப் பார்த்தது.

"இந்தப் பாட்டுல டிரம் இல்லைங்க" என்று இசைத்தட்டை மேஜை மேல் வைத்தாள்.

தாடி உறையைப் பார்த்தார். "ஆமாங்க, இல்லை" என்றார்.

"அதைத்தான் சொல்றேன். இல்லை."

"அதைத்தாங்க நானும் சொல்றேன். அந்தப் பாட்டுல டிரம் கிடையாது."

அக்கா என்னைப் பார்த்தாள், நான் தாடியைப் பார்த்தேன். தாடி பொறுமைசாலி. தன் சொந்தத் தட்டைக் கொண்டுவந்து போட்டார். டிரம் இல்லை. வேறு நாட்டில் அச்சான இன்னொன்றைப் போட்டார். அதிலும் இல்லை. பிறகு உறையின் பின்பக்கத்தைக் காட்டினார். எறும்பு எழுத்தில் இருந்தது. நான் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தேன். இந்தப் பாட்டில் தாள வாத்தியம் எதுவும் பயன்படுத்தப்படவில்லை என்று அந்த நாலு பேரே அச்சடித்து வைத்திருந்தார்கள்.

"அப்ப எல்லாரும் டிரம் மெஷின் பின்னால ஓடிட்டிருந்தாங்க" என்றார் தாடி உற்சாகமாக. "இவங்க மட்டும் ஒரு பாட்டைத் தாளமே இல்லாம விட்டாங்க. இந்த ஆல்பத்தோட பெருமையே அதுதாங்க."

"இருக்குங்க. நான் கேட்டிருக்கேன். இவனும் கேட்டிருக்கான். இப்படி வரும்" என்று அக்கா இரண்டு கையாலும் மேஜையில் தட்டிக் காட்டினாள். குட்டி, நிறுத்தம், நீளம், நிறுத்தம், குட்டி. தப்பே இல்லாமல் தட்டினாள். ஒரு மூலையில் தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "நல்லாத்தானே இருக்கு, அவங்க போட்டிருக்கலாம்" என்றார். அவர் ஒருவர்தான் எங்கள் பக்கம் பேசியவர்.

திரும்பி நடந்தோம். அக்கா முன்னால் போனாள். தெருமுனைக் குழாயருகே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லாததை எல்லாம் இருக்குன்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருந்திருக்கோம், தம்பி" என்றாள். குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. "ஒரு விதத்துல நல்லதுதான். இங்க வரலாமா வேண்டாமான்னு மண்டையைக் குழப்பிட்டிருந்தேன். அங்க இருந்தா இங்க எல்லாம் அப்படியே இருக்கிற மாதிரிதான் தோணும். வந்து பாத்தாத்தானே தெரியுது. உனக்குத்தான் வீண் அலைச்சல். தேங்க்ஸ்."

மறுபடி தம்பி. மறுபடி தேங்க்ஸ். நானே காசு கொடுத்து வாங்கிவந்து என் தலையில் போட்டுக்கொண்ட கல் இது என்று நொந்துகொண்டேன். குடைக்காரர்கள் இல்லாமலேயே அவளை நேராகக் கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்றிருப்பாள்.

வீட்டில் அம்மா சாப்பாட்டு மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பாமல் நின்றாள். அக்கா அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கை பட்டாணியை எடுத்தாள். உரிக்கவில்லை. அவள் விரல்கள் அவளை அறியாமலே மேஜையில் தட்டிக்கொண்டிருந்தன. குட்டி, நிறுத்தம், நீளம், நிறுத்தம், குட்டி.

அம்மா தலையைத் தூக்காமலே கேட்டாள், "யாருக்குச் சட்டை?"

"என்னம்மா?"

"சட்டைக் காலர் தைக்கிறியே, யாருக்குன்னேன்."

அக்காவின் விரல் அந்தரத்தில் நின்றது.

"குட்டிப் பக்கம்" என்றாள் அம்மா, ஒரு பட்டாணித் தோலை மேஜையில் வைத்து அதன் ஓரமாக விரலை ஓட்டியபடி. "முனை வந்தா நிறுத்தணும். ஊசி துணிக்குள்ளயே இருக்கும், துணியை மட்டும் திருப்பணும். அப்புறம் நீளப் பக்கம். மறுபடி முனை, நிறுத்து, திருப்பு. அப்புறம் இந்தக் குட்டிப் பக்கம். காலர் முடிஞ்சது. இதைக்கூடவா மறந்துட்டே? என் காதுல இது ஓடாத நாளே கிடையாது."

அந்தப் பழைய வீட்டின் அறை கண் முன்னால் வந்தது. முன்னறையை இரண்டாகத் தடுத்திருந்த பிளைவுட் பலகை. இந்தப் பக்கம் ரேடியோ, பலகையை ஒட்டி ஸ்டூல், ஸ்டூல் மேல் டேப் ரெக்கார்டர். அந்தப் பக்கம், அதே பலகையை ஒட்டி, அம்மாவின் மெஷின். மெஷின் ஓடினால் பலகை அதிரும், பலகை அதிர்ந்தால் ஸ்டூல் அதிரும், அந்த அதிர்வு நாடாவில் டிரம்மாக ஏறும். கடிகாரத்தைக்கூட வேறு அறைக்கு அனுப்பிய மேதாவிகள் நாங்கள் இரண்டு பேரும், மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம்.

"அம்மா, நாங்க பதிவு பண்ணும்போது நீ தைச்சிட்டிருந்தியா?" என்றேன்.

"பின்ன? திங்கக்கிழமை காலையில பள்ளிக்கூடத்துக்குச் சீருடை குடுக்கணுமே, யார் தைப்பா?"

"சத்தம் போடாதேன்னு சொல்லிட்டுத்தானே போவோம்!" என்றாள் அக்கா.

"பேசாதேன்னு சொல்லிட்டுப் போவீங்க. பேசவே மாட்டேன். தைக்காதேன்னு ஒரு நாளும் சொல்லலையே."

என் மனைவி சிரித்ததில் கைப்பை தோளிலிருந்து நழுவியது. நானும் அக்காவும் சிரிக்கவில்லை. ஆல்பங்கள் எல்லாம் ஏன் கழுவிய பாத்திரமாக இருந்தன என்று இப்போது புரிந்துவிட்டது. அவற்றில் அம்மா இல்லை.

"ஆனா அது பாட்டுக்குச் சரியா இருக்குமேம்மா" என்றாள் அக்கா. "கன்னாபின்னான்னு இருக்காது. அவன் மூச்சு வாங்குற இடத்துல கரெக்டா வரும்."

அம்மாவுக்கு முகம் கொஞ்சம் சிவந்தது. "மூக்கடைச்சவன் பாவம், கஷ்டப்பட்டு மெதுவாப் பாடுறான். நடுவுல நான் ஓட்டினா அவன் குரல் அமுங்கிடாதா? அதான், அவன் நிறுத்தினதும் நான் ஓட்டுவேன், நான் நிறுத்தினதும் அவன் பாடுவான். காலருக்குச் சரியாப் பொருந்தி வந்துச்சு."

"அப்புறம் அந்த கேசட்டை நாங்க ஆயிரம் தடவை போட்டோமே. அதுல உன் மெஷின் இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"என் மெஷின் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"ஏம்மா சொல்லல?"

அம்மா பட்டாணியைத் தள்ளி வைத்தாள். "எப்படிடி சொல்றது? பலகைச் சந்து வழியா பாப்பேன். ரெண்டும் கட்டில் மேல ஏறி மரம் மாதிரி நிப்பீங்க. என் சத்தம் வந்ததும் ரெண்டு தலையும் ஒண்ணாத் திரும்பும். நான் தைக்க, என் பிள்ளைங்க ஆடுதுங்க. அது உங்கம்மா மெஷின்தான்னு சொன்னா நிறுத்திட மாட்டீங்க? அதான் வாயை மூடிட்டு இருந்தேன்."

அக்கா எழுந்து அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். அம்மாவின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் இந்தத் தடவை வெங்காயம் தேடிப் போகவில்லை, எல்லோர் முன்னாலும் அழுதேன்.

பிறகு அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தாள். "மெஷின் எங்க?"

ஃப்ரேம் பெட்டிகளை இறக்கிக் கட்டில் மேல் போட்டேன். என் மனைவி மருந்துக்கடைக்குப் போன் செய்து இன்று தாமதமாக வருவேன் என்றாள், காரணம் கேட்டதற்கு, "வீட்டுல காலர் தைக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மெஷினுக்கு எண்ணெய் விட்டோம். பெல்ட் நன்றாகவே இருந்தது. துணிக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது அம்மா என் பழைய சட்டையைக் கேட்டாள். நான் தேடுவதற்குள் என் மனைவி நான் ஆசையாக வைத்திருந்த ஒரு சட்டையைக் கொண்டுவந்து, "இதைத் தூக்கிப் போடத்தான் வழி பாத்துட்டிருந்தேன்" என்று கொடுத்தாள். அம்மா கத்தரியால் அதன் முதுகிலேயே ஒரு காலர் அளவுக்கு இரண்டு துண்டு வெட்டினாள்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். பெடலை மிதிக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. எனவே அந்த ரயில் கம்பெனி அதிகாரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மெஷினுக்கு அடியில் தலையை விட்டு, இரண்டு கையாலும் பெடலைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நிறுத்துன்னா நிறுத்தணும்" என்றாள் அம்மா.

"தெரியும்மா. நேரம் பாக்குறது என் தொழில்."

ஊசியை வைத்தேன். மழை தொடங்கியது. மூக்கடைச்சவன் நாலு வரி பாடினான், மூச்சு வாங்கினான். அக்கா பெடலைத் தாமதமாக அழுத்தினாள், அழுத்தியதை நிறுத்தவும் இல்லை. காலர் முனையைத் தாண்டித் தையல் எங்கேயோ போனது.

"இவ போட்ட அட்டவணையில வண்டிங்க எப்படி மோதிக்காம ஓடுதுன்னு தெரியலையே!" என்றாள் அம்மா. "டேய், அவனை முதல்லேர்ந்து பாடச் சொல்லு."

மறுபடி போட்டேன். நாலாவது வரி முடிந்தது. அவன் மூச்சு வாங்கினான். குட்டி. நிறுத்தம். நீளம். நிறுத்தம். குட்டி. வந்துவிட்டது! அந்த டிரம், அதே டிரம், சுவரும் தரையும் அதிர வந்தது. நான் விறைப்பாக நின்று சடாரென்று வலது பக்கம் தலையைத் திருப்பினேன். மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு பாதி நரைத்த தலையும் அதே நேரம் வலது பக்கம் திரும்பி, கம்பியில் நங்கென்று இடித்துக்கொண்டது. இடித்தும் முகத்தில் ஒரு உணர்ச்சியும் காட்டவில்லை. முதலில் சிரித்தது அம்மாதான்.

"அம்மா அவுட்!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினோம்.

பாட்டு முடிந்ததும் நான் வெறும் இசைத்தட்டை மறுபடி ஒரு தடவை போட்டேன், மெஷின் இல்லாமல். கேட்டு முடித்துவிட்டு, கடையில் கேட்கிற அதே குரலில் கேட்டேன்.

"மெஷினோட கேட்டியே, அது முதலாவது. மெஷின் இல்லாம கேட்டியே, இது ரெண்டாவது. எது தெளிவா இருக்கு?"

அக்கா தரையிலிருந்து எழவில்லை. தலையில் இடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"முட்டைக்கண்ணா."

"என்ன?"

"மேல் அறையில என்ன வெச்சிருக்கே?"

"பழைய சாமான். கடைப் பெட்டிங்க."

"எல்லாத்தையும் எடு. ஜன்னல் கம்பி துரு பிடிச்சிருக்கு, பெயின்ட் அடி. அந்த ஆபீஸ் திறக்கிறதுக்குள்ள எல்லாம் முடியணும், தாமதம் ஆச்சுன்னா தோலை உரிச்சிடுவேன்."

தேங்க்ஸ் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூட மரியாதையாகச் சொல்லவில்லை. எனக்கு வேறென்ன வேண்டும்?

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்து, காலரைத் திருப்பி, இரண்டு முனையையும் விரலால் குத்தி வெளியே எடுத்தாள். கோணல் இல்லாமல் கச்சிதமாக வந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சட்டையின் மிச்சத்தில் இன்னும் இரண்டு துண்டு வெட்டி ஊசிக்கு அடியில் வைத்தாள்.

"சீக்கிரம் அவனைப் பாடச் சொல்லுடா" என்றாள். "அவளுக்கு இன்னும் கை பழகலை."